பன்னெண்டு வருஷம் வேலை செஞ்ச அக்கா நின்னுட்டாங்க, வேலை செய்றவங்கள எப்படிங்க பாராட்டுறது?

பாலாத்து_மணல்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுகினு மட்டும் தான் இருக்கேன், முதல் தடவையா இழை போடறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

ராணிப்பேட்டை பக்கம் எங்களுக்கு சின்ன லெதர் யூனிட். பர்ஸ், பெல்ட், லேடீஸ் பேக் பண்றோம். மொத்தம் 34 பேரு, அதுல 21 பேர் பொம்பளைங்க. நைனா ஆரம்பிச்சது, அவருக்கு உடம்பு முடியாம போனதும் நாலு வருஷமா நான் பாத்துக்கறேன்.

போன வாரம் 12 வருஷமா எங்ககிட்ட இருந்த ஒரு அக்கா வேலைய விட்டு நின்னுட்டாங்க. எட்ஜ் வேலை அவங்களோடது. பர்ஸோட ஓரத்த தேய்ச்சு கலர் போட்டு காய வச்சு, மறுபடி தேய்ச்சு மறுபடி கலர் போடற வேலை. கடையில பர்ஸ் வாங்கறவங்க அத கவனிக்கவே மாட்டாங்க, ஆனா அது சரியில்லன்னா கொஞ்ச நாள்லயே ஓரம் வெடிச்சு உரிஞ்சுகினு வந்துடும், அப்ப தான் எல்லாருக்கும் அது கண்ணுல படும். அக்கா கலர் காஞ்சதும் கட்டைவிரல ஓரத்துல ஓட்டுவாங்க. கண்ணு அங்க இருக்காது, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசிகினே இருப்பாங்க, ஆனா விரல் எங்க நின்னுச்சோ அங்க கண்டிப்பா ஒரு மேடு இருக்கும். நான் லைட்டுக்கு கீழ வச்சு திருப்பி திருப்பி பாத்தா கூட எனக்கு தெரியாது.

சம்பளம் பத்தலையாக்கானு கேட்டேன். அதுக்கு அவங்க சொன்னத அப்படியே போடறேன்: "சம்பளம் இல்லப்பா. உங்க நைனா கத்துவாரு, எல்லாரையும் தான் கத்துவாரு. ஆனா சாயந்திரம் டேபிளாண்ட வந்து ஒரு பீஸ எடுத்து பாத்து, இது உன் கை தானம்மானு கேப்பாரு. நீ வந்து இந்த நாலு வருஷத்துல என் டேபிளுக்கு வந்தது ரிஜெக்ஷன் வந்த அன்னைக்கு மட்டும் தான்."

எனக்கு பதில் சொல்ல வாய் வரல. ஏன்னா அது உண்மை. ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் ஸ்வீட், பொரி, எவர்சில்வர் டிபன் பாக்ஸ் குடுத்தேன், தீபாவளிக்கு போனஸ் போட்டேன், அதோட என் கடமை முடிஞ்சுதுனு நெனச்சுகினு இருந்தேன்.

மீதி 33 பேரயும் இப்படி விட்டுடக்கூடாதுனு தோணுது. என்ன பண்ணலாம்? மாசம் ஒருத்தருக்கு பெஸ்ட் ஒர்க்கர்னு போட்டோ மாட்டலாமா? சர்டிபிகேட்டா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

குடியாத்தம்_கைலி

நானும் சின்ன முதலாளி தான் தம்பி, கைலி நெசவு, 16 தறி. உங்க மனசு நல்ல மனசு, ஆனா நான் வேற மாதிரி பாக்கறேன். தொழிலாளிக்கு பெரிய மரியாதை சனிக்கிழமை சாயந்திரம் கூலி கையில விழறது தான். எங்கப்பா காலத்துலேருந்து இன்னைக்கு வரைக்கும் நூல் விலை ஏறுன நாள்லயும் சரக்கு தேங்குன நாள்லயும் ஒரு சனிக்கிழமை கூட தள்ளுனது இல்ல. ரெண்டு தடவ வூட்டு நகை பேங்குக்கு போச்சு. வாயால நல்லா இருக்குதுனு சொல்லிட்டு கூலிய செவ்வாய்க்கிழமை குடுக்கறவன எனக்கு தெரியும், அவன்கிட்ட யாரும் ஆறு மாசம் நிக்கறதில்ல.

பாராட்டு வேணாங்கல. வரிசைல அது ரெண்டாவது.

மூணாவது_லைன்

நான் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனில ஸ்டிச்சிங்ல இருக்கேன், 9 வருஷம் ஆச்சு. முதலாளி ஒருத்தர் இப்படி கேட்டு நான் பாத்ததே இல்ல, அதனால கொஞ்சம் விவரமா எழுதறேன் அண்ணா.

காலைல ஆறே காலுக்கு கம்பெனி பஸ் எங்க ஊருக்கு வந்துடும். அதுக்கு முன்னாடி சமையல் முடிச்சு புள்ளைங்களுக்கு டப்பா கட்டி வச்சுட்டு ஓடி வருவோம். லைன்ல உக்காந்தா எதிர்ல ஒரு போர்டு, மணிக்கு இத்தனை ஜோடினு டார்கெட், பக்கத்துல எத்தனை முடிஞ்சுதுன்ற நம்பர். நம்பர் கொறஞ்சா சூப்பர்வைசர் வருவாரு. கொறையலன்னா யாரும் வர மாட்டாங்க. அப்ப எங்களுக்கு என்ன பழகிடுச்சுன்னா, மேல இருக்கறவங்க பக்கத்துல வந்தாலே நெஞ்சு அடிச்சுக்கும், ஏதோ தப்பு நடந்துடுச்சுனு தான் அர்த்தம். உங்க அக்கா சொன்னது அதே தான்.

ஒரு தடவ எங்ககிட்ட ஷூ வாங்கற வெளிநாட்டு பையர் வந்திருந்தாரு. என் மிஷின்லேருந்து வந்த அப்பர, அதான் ஷூவோட மேல்பாகத்த, கையில எடுத்து முன்விரல் பக்கம் இருக்கற டபுள் தையல பாத்து யார் போட்டதுனு கேட்டாரு. மேனேஜர் "நம்ம லைன் த்ரீ சார்"னாரு. நான் ரெண்டடி தள்ளி நின்னுகினு இருந்தேன். கை காட்டி இந்த பொண்ணு தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவருக்கு என்ன செலவு? அன்னைக்கு ராத்திரி வூட்ல இத சொல்லி அழுதேன். இதுக்கு போயா அழறனு கேட்டாங்க, சொல்லி புரிய வைக்க முடியல.

இப்ப ரெண்டு வருஷமா ஒரு புது சூப்பர்வைசர் மேடம் வந்திருக்காங்க. வந்த முதல் வாரத்துலயே 40 பேர் பேரயும் கத்துகினாங்க. டார்கெட் முடிஞ்ச நாள் வந்து "சூப்பர், வெரி குட்"னு பொதுவா சொல்ல மாட்டாங்க. "இன்னைக்கு உன் மிஷின்லேருந்து போனதுல ஒண்ணு கூட க்யூசிலேருந்து திரும்பி வரல"ம்பாங்க. அவ்ளோ தான். ஆனா அத சொல்லணும்னா அவங்க தரம் செக் பண்ற அந்த க்யூசி டேபிளுக்கு போய் எண்ணி பாத்திருக்கணும் இல்ல? அந்த எண்ணி பாத்தது தான் எங்களுக்கு பெருசு.

இப்ப அந்த பெஸ்ட் ஒர்க்கர் போட்டோ விஷயம். தயவு செஞ்சு அவசரப்படாதீங்க அண்ணா. எங்க கம்பெனில அத பண்ணாங்க. ரெண்டு பிரச்சனை வந்துச்சு. ஒண்ணு, ஜோடி கணக்கு வச்சு குடுத்தாங்க. என் மிஷின்ல தையல் நேரா ஓடணும்னா எனக்கு முன்னாடி ஸ்கைவிங் பண்றவங்க தோல் ஓரத்த ஒரே அளவா சீவி அனுப்பணும், தடிமனா வந்தா மடிப்புல ஊசி முட்டும், ஜாஸ்தி சீவிட்டா அந்த எடத்துல கிழியும். அவங்க வேலை நல்லா இருந்ததால என் நம்பர் ஏறுச்சு, போட்டோ எனக்கு, அவங்களுக்கு ஒண்ணியும் இல்ல. அந்த அக்கா ஒரு மாசம் என்கிட்ட சரியா பேசல. தப்பு அவங்க மேல இல்ல.

ரெண்டாவது, என் போட்டோவ என்ன கேக்காமலே வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க, அது எங்கெங்கயோ சுத்தி எங்க மாமனார் போனுக்கு வந்துடுச்சு. வூட்ல நடந்தத இங்க எழுத வேணாம். போட்டோ போடறதுக்கு முன்னாடி கேளுங்க, அந்த பொண்ணு வேணாம்னு சொன்னா ஏன்னு கேக்காதீங்க.

ரிட்டயர்டு_வாலாஜா

தம்பி, நான் பர்சனல் டிபார்ட்மென்ட்ல, இப்ப எச்ஆர்ங்கறாங்களே, அதுல 31 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். உங்க பதிவ ரெண்டு தடவை படிச்சேன். எல்லாரும் பேசறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கேள்வி. அந்த அம்மாவுக்கு கிராஜுவிட்டி, அதான் பல வருஷம் வேலை செஞ்சவங்க நிக்கறப்ப குடுக்கற பணிக்கொடை, குடுத்தீங்களா?

பாலாத்து_மணல்

சார், போகும்போது 5,000 ரூபாயும் ஒரு புடவையும் குடுத்தேன். கிராஜுவிட்டி பெரிய கம்பெனிக்கு தானே? அவங்களே தான நின்னாங்க, நான் அனுப்பலையே.

ரிட்டயர்டு_வாலாஜா

இல்ல தம்பி. 10 பேரும் அதுக்கு மேலயும் வேலை செஞ்சா உண்டு, உங்ககிட்ட 34 பேர் இருக்காங்க. 1972லேருந்தே சட்டத்துல இருக்கறது தான். அஞ்சு வருஷ சர்வீஸ் முடிச்சவங்க தானா ராஜினாமா பண்ணாலும் குடுத்தே ஆகணும். உங்க நைனா காலத்து வருஷமும் சேரும், ஏன்னா நிறுவனம் அதே நிறுவனம், முதலாளி மாறுனது அவங்க சர்வீஸ அறுக்காது.

கணக்கு சொல்றேன். கடைசி மாச பேசிக் பிளஸ் டிஏ, அதான் அடிப்படை சம்பளமும் பஞ்சப்படியும், அத 15ஆல பெருக்கி 26ஆல வகுங்க, வர்றத வருஷத்தால பெருக்குங்க. உதாரணத்துக்கு மாசம் 13,000னு வச்சா ஒரு வருஷத்துக்கு 7,500, பன்னெண்டு வருஷத்துக்கு 90,000. முப்பது நாளைக்குள்ள குடுக்கணும், தள்ளி போனா வட்டியும் சேரும்.

தீபாவளி போனஸும் அதே மாதிரி தான். 20 பேரும் அதுக்கு மேலயும் இருக்கற எடத்துல அரசாங்கம் வச்சிருக்கற சம்பள வரம்புக்குள்ள வாங்கறவங்களுக்கு 8.33 சதவீதம் கட்டாயம், அதிகபட்சம் 20. ஓவர்டைம்க்கு ரெட்டை சம்பளம் 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட் காலத்துலேருந்தே இருக்கு. நான் வேலைல இருந்தப்ப எத்தனையோ முதலாளிங்க போனஸ் கவர குடுக்கறப்ப தானம் பண்ற மாதிரி நின்னு போட்டோ எடுத்துகினத பாத்திருக்கேன், வாங்கறவங்க குனிஞ்சு ரெண்டு கையால வாங்குவாங்க, எனக்கு அந்த எடத்துல நிக்கவே கூச்சமா இருக்கும். அது அவங்க சம்பாரிச்ச காசு.

உங்கள திட்டறதுக்கு எழுதல. நீங்க கேட்டதாலதான் சொல்றேன். சேர வேண்டியத சேத்துட்டு அப்பால நல்ல வார்த்தை சொன்னா அந்த வார்த்தை நிக்கும்.

குடியாத்தம்_கைலி

சார் சொன்னத தான் நான் அரைகுறையா சொல்ல வந்தேன். நன்றி சார்.

பட்டுக்கடை_மாடி

நான் வேலூர்ல ஒரு ஜவுளிக்கடையில செகண்ட் ஃப்ளோர்ல பட்டுப்புடவை செக்ஷன். காலைல 9 மணிலேருந்து ராத்திரி 9 வரைக்கும். முகூர்த்த சீசன்ல ஒரு கல்யாண பார்ட்டிக்கு எண்பது புடவை பிரிச்சு காட்டி திருப்பி மடிச்சு வச்சிருக்கேன்.

2021ல நம்ம தமிழ்நாட்டுல கடையில வேலை செய்றவங்களுக்கு உக்கார வசதி பண்ணி தரணும்னு சட்டத்துல சேத்தாங்க, கேரளால அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. எங்க கடைக்கும் ஸ்டூல் வந்துச்சு. ஆனா யாரும் உக்காரல. ஏன்னா உக்காந்தா ஃப்ளோர் மேனேஜர் பாக்கற பார்வை இருக்கே, அதுக்கு நின்னுடலாம்னு ஆகிடும். ஸ்டூல் செவுத்தோரமா துணி போட்டு மூடி கிடந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் முதலாளி அம்மா, அவங்களுக்கு எழுபது வயசு இருக்கும், மாடி ஏறி வந்தாங்க. கஸ்டமர் இல்லாத நேரம். நாங்க எல்லாரும் நின்னுகினு இருந்தோம். ஏம்மா கால் வலிக்கலையானு கேட்டுட்டு அவங்களே அந்த துணிய எடுத்துட்டு ஒரு ஸ்டூல்ல உக்காந்தாங்க, பக்கத்து ஸ்டூல தட்டி என்ன உக்காரச் சொன்னாங்க. மேனேஜர் பாத்துகினு இருந்தாரு. பத்து நிமிஷம் என் பொண்ணு படிப்பு பத்தி கேட்டாங்க, போய்ட்டாங்க. அன்னைலேருந்து நாங்க உக்காரறோம்.

எனக்கு யாரும் சர்டிபிகேட் குடுக்கல, ஆனா அந்த பத்து நிமிஷத்த நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அண்ணா, உங்க யூனிட்ல டேபிள் உயரம், ஃபேன், பாத்ரூம் இதெல்லாம் ஒரு தடவ சுத்தி பாருங்க. வேலூர் வெயிலு உங்களுக்கு தெரியாததா, மே மாசம் தகர ஷீட்டுக்கு கீழ உக்காந்து வேலை செய்றவங்களுக்கு ஒரு பானை மோர் வச்சா அதுவே ஆயிரம் வார்த்தை பேசும்.

ஓஎம்ஆர்_வேலூர்க்காரன்

காட்பாடில பொறந்து வளந்து இப்ப சென்னைல ஐடி. எங்க உலகம் வேற. அமெரிக்கால மார்ச் மாசம் முதல் வெள்ளிக்கிழமை எம்ப்ளாயி அப்ரிசியேஷன் டே, 1995லேருந்து நடக்குது, எங்க கம்பெனி அங்கத்து கம்பெனிங்கறதால இங்கயும் அன்னைக்கு மெயில் வரும். போர்ட்டல்ல ஒருத்தருக்கொருத்தர் பாயின்ட் அனுப்பலாம், பாயின்ட் சேந்தா கிப்ட் கார்டு. முதல்ல நல்லா தான் இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் எல்லாருக்கும் "தேங்க்ஸ் ஃபார் யுவர் சப்போர்ட்"னு ஒரே வரிய அனுப்ப ஆரம்பிச்சோம், குவார்ட்டர் முடியறதுக்குள்ள பாயின்ட் காலாவதி ஆயிடும்னு அனுப்பறது. எனக்கு வந்த அம்பது கார்டுல ஒண்ணு கூட ஞாபகம் இல்ல.

ஞாபகம் இருக்கறது ஒண்ணு தான். ரெண்டு வருஷம் முன்னாடி ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்து நான் எழுப்பி சரி பண்ணேன். மறுநாள் என் மேனேஜர் க்ளையன்ட் கால்ல என் பேர சொல்லி, என்ன பண்ணேன்னு விளக்கி, அதோட நிக்காம "இன்னைக்கு அவர் லீவு, யாரும் போன் பண்ணாதீங்க"னாரு. அந்த லீவுல அம்மாவ பாக்க ஊருக்கு வந்துட்டேன். மூணாவது லைன் அக்கா சொன்னது இங்கயும் அப்படியே பொருந்துது, என்ன செஞ்சேன்னு தெரிஞ்சுகினு சொல்லணும்.

நைட்_டூட்டி

வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸ், மெடிக்கல் வார்டு. மே 12 நர்ஸ் தினத்துக்கு எங்களுக்கு ரோஜாப்பூ, கேக் உண்டு. அது வேணாம்னு சொல்ல மாட்டேன், சந்தோஷம் தான். ஆனா அன்னைக்கு நைட் டூட்டில இருக்கறவங்களுக்கு காலைல மிச்சம் இருக்கற கேக் தான் வரும். பாராட்டு விழா வைக்கறவங்க எப்பவும் ஜெனரல் ஷிப்ட்ல இருக்கறவங்களையே கண்ணுல வைக்கறாங்க. வாட்ச்மேன், ராத்திரி ஹவுஸ்கீப்பிங் அக்கா, ஞாயித்துக்கிழமை டூட்டி பாக்கறவங்க, இவங்க பேரே லிஸ்ட்ல வராது. உங்க யூனிட்லயும் அப்படி யாராவது இருப்பாங்க, யோசிச்சு பாருங்க.

எனக்கு நடந்தது ஒண்ணு. ஒரு பெரியவர், சக்கரை நோயாளி. ராத்திரி மூணு மணிக்கு ரவுண்ட்ஸ் போனப்ப வேர்த்து கொட்டி பேச்சு குழறுது, தூக்கம்னு விட்டிருந்தா போயிருப்பாரு. குளுக்கோமீட்டர்ல பாத்தா சக்கரை ரொம்ப கீழ. உடனே டியூட்டி டாக்டர கூப்ட்டு குளுக்கோஸ் ஏத்துனோம். காலைல பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்ப நான் ஹேண்ட்ஓவர் முடிச்சு கிளம்பிகினு இருந்தேன். அவரு என்ன நிக்கச்சொல்லி, அந்த பெரியவரோட பையன கூப்ட்டு "உங்கப்பா இன்னைக்கு உக்காந்திருக்கார்னா ராத்திரி இந்த சிஸ்டர் பாத்ததால"னாரு. அந்த பையன் ஒண்ணும் பேசல, கைய கூப்புனான். எட்டு வருஷம் ஆச்சு.

டாக்டருக்கு அந்த பேர தானே எடுத்துக்கறது ரொம்ப சுலபம். யாரும் கேக்கப் போறதில்ல.

ஆம்பூர்_தம்

சின்னதா ஒண்ணு. நான் பிரியாணி மாஸ்டர்கிட்ட எடுபிடியா இருந்தவன். தம் ஒடச்சதும் மாஸ்டர் முதல் கரண்டிய எடுத்து வெங்காயம் நறுக்கற பையனுக்கும் அண்டா தேய்க்கற அம்மாவுக்கும் தான் வைப்பாரு, உப்பு சரியா இருக்காடானு அவங்கள தான் கேப்பாரு. அப்பால தான் முதலாளிக்கு சாம்பிள் போகும். நான் இப்ப தனியா கடை போட்டிருக்கேன், அதையே தான் செய்றேன்.

பாலாத்து_மணல்

பத்து நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். எல்லாரோட பதிலையும் நைனாவுக்கு படிச்சு காட்டினேன், அவருக்கு பேச்சு சரியா வராது, பட்டுக்கடை அக்கா எழுதுனதுக்கு மட்டும் கைய தூக்கி காமிச்சாரு.

நடந்தத சொல்றேன். ரிட்டயர்டு சார் சொன்னதும் எங்க ஆடிட்டர கேட்டேன், அப்படியே சரினாரு. அந்த அக்காவோட கணக்கு 86,000 சொச்சம் வந்துச்சு. செக் போட்டு நானே எடுத்துகினு அவங்க வூட்டுக்கு போனேன். போறதுக்கு முன்னாடி என்ன பேசணும்னு பைக்ல வழி நெடுக யோசிச்சுகினு போனேன், அங்க போனதும் எல்லாம் மறந்துடுச்சு. அக்கா இது உங்களுது, நான் தான் லேட்டா குடுக்கறேன்னு மட்டும் சொன்னேன். அவங்க செக்க பிரிச்சு பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. உள்ள போய் சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டு வந்து காபி போட்டாங்க.

திரும்ப வர சொன்னேன். வரலனுட்டாங்க. அவங்க பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கு, அது ஒரு காரணம், நான் கட்டாயப்படுத்தல.

யூனிட்ல தெனமும் சாயந்திரம் நாலு மணிக்கு டேபிள் டேபிளா போறேன். முதல் ரெண்டு நாள் நான் பக்கத்துல போனாலே எல்லாரும் எழுந்து நின்னாங்க, தப்பு எங்கனு தேடினாங்க, மூணாவது லைன் அக்கா, நீங்க நெஞ்சு அடிச்சுக்கும்னு எழுதுனீங்களே, அத கண்ணால பாத்தேன். அதனால பேச்ச கொறச்சு பாக்கறத ஜாஸ்தி பண்ணேன். கட்டிங்ல ஒரு பெரியவர் இருக்காரு. ஒவ்வொரு தோலா விரிச்சு, மாட்டுக்கு உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளு கீறுன எடம் எல்லாத்தையும் சாக்பீஸால வட்டம் போட்டு, முதுகு பக்கம் வர்ற நல்ல தோல பர்ஸோட வெளிப்பக்கத்துக்கும் வயித்து பக்கம் இழுபடற தோல உள்பாக்கெட்டுக்கும் வச்சு வெட்டறாரு. சதுர அடி கணக்குல தோல் வாங்கறோம், எங்க செலவுல பெரும்பங்கு அது தான். பழைய ரெஜிஸ்டர எடுத்து பாத்தா அவர் டேபிள் வேஸ்ட் எப்பவும் மத்தவங்கள விட கம்மி, நாலு வருஷமா அந்த ரெஜிஸ்டர்ல நான் கையெழுத்து மட்டும் தான் போட்டிருக்கேன். அத அவர்கிட்ட சொன்னேன். "உங்க நைனா தான்பா கத்து குடுத்தாரு"னாரு. அது எனக்கு தெரியாது.

போட்டோ மாட்டல. மோர் பானை வச்சாச்சு. வாட்ச்மேனுக்கு ஃபேன் இல்லாம இருந்துச்சு, போட்டாச்சு, நர்ஸ் அக்காவுக்கு நன்றி.

இன்னொண்ணு சொல்லணும். அக்கா வூட்டுக்கு போனப்ப கடைசி லாட் பர்ஸ் ஒண்ணு பையில இருந்துச்சு. இப்ப எட்ஜ் டேபிள்ல இருபது வயசு பொண்ணு ஒண்ணு செய்யுது, அக்காகிட்டயே கத்துகின பொண்ணு. எடுத்து குடுத்தேன். அக்கா காபி டம்ளர கீழ வச்சுட்டு, அவங்க பொண்ண பத்தி என்னமோ பேசிகினே கட்டைவிரல ஓட்டினாங்க. கடைசி மூலையில விரல் நின்னுச்சு. "ரெண்டாவது கோட்டு முழுசா காயறதுக்கு முன்னாடி தேய்ச்சிருக்கா. அவசரம் தான், மத்தபடி கை படிஞ்சுடுச்சு அவளுக்கு"னாங்க.

மூணாவது_லைன்

அண்ணா, அந்த பொண்ணுகிட்ட இத சொல்லிட்டீங்களா? சொல்லலன்னா கை படிஞ்சுடுச்சுன்றத முதல்ல சொல்லுங்க, காயறத பத்தி அப்புறம். அக்கா சொன்னதுனே சொல்லுங்க.

பாலாத்து_மணல்

இன்னும் சொல்லலக்கா. திங்கக்கிழமை காலைல சொல்றேன். அக்காவுக்கு அங்கேருந்தே போன் போட்டு குடுக்கலாம்னு இருக்கேன், அவங்களே பேசட்டும்.